அளக்கப்படாத புரோட்டான் மிகுந்த அணுக்கருவின் நிறையை எவ்வாறு கணிப்பது?

கேட்கப்பட்ட கேள்வி இது: புரோட்டான்கள் மிகுந்த, இன்னும் எந்த ஆய்வகத்திலும் நிறை அளக்கப்படாத ஓர் அணுக்கருவின் நிறையை முன்கூட்டியே சொல்ல முடியுமா, முடியுமென்றால் எந்த முறையில், எவ்வளவு நம்பிக்கையோடு சொல்லலாம், எல்லா அணுக்கருக்களுக்கும் பொருந்தும் பொதுச் சூத்திரங்கள் இருக்கும்போது இதற்கெனத் தனி முறைகள் எதற்கு?

முடியும். நியூட்ரான் மிகுந்த பக்கத்தில் கிடைக்காத ஒரு துணை இந்தப் பக்கத்தில் கிடைப்பதால், பல வேளைகளில் வியப்பூட்டும் துல்லியத்தோடே முடியும். புரோட்டான் மிகுந்த ஒவ்வோர் இலேசான அணுக்கருவுக்கும், அதன் புரோட்டான் எண்ணிக்கையையும் நியூட்ரான் எண்ணிக்கையையும் இடம் மாற்றினால் கிடைக்கும் இணை ஒன்று உண்டு. ‘ஆடி அணுக்கரு’ எனப்படும் அந்த இணை பெரும்பாலும் நிலைத்தன்மைக்கு அருகில் இருக்கும். அதன் நிறை ஏற்கெனவே நன்றாக அளக்கப்பட்டிருக்கும். எனவே நாம் கணிக்க வேண்டியது முழு நிறையை அன்று. அந்த இருவருக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை மட்டுமே. இனி வரும் எல்லாமே இந்த வேறுபாட்டை எப்படிப் பெறுவது, எங்கே அது நம்மை ஏமாற்றும் என்பது பற்றியவைதான்.

முதலில், எவ்வளவு துல்லியம் தேவை என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். 64 நியூக்ளியான்கள் கொண்ட ஓர் அணுக்கருவின் நிறையை ஆற்றல் அலகில் சொன்னால் ஏறத்தாழ 60,000 மெகா எலக்ட்ரான் வோல்ட் (இனி மெ.எ.வோ.) வரும். அதன் பிணைப்பாற்றல் 550 மெ.எ.வோ.வுக்குச் சற்றுக் குறைவு. ஆனால் அந்த அணுக்கரு எப்படி நடந்துகொள்ளும் என்பதைத் தீர்மானிப்பது, கடைசிப் புரோட்டானைப் பிரித்தெடுக்கத் தேவையான ஆற்றல்; சொட்டுக்கோட்டின் அருகே இந்தப் பிரிப்பாற்றல் பூச்சியத்தை ஒட்டியே இருக்கும். (எந்தக் கோட்டுக்கு அப்பால் கூடுதலாகச் சேர்க்கும் புரோட்டான் தங்காமல் வெளியேறிவிடுமோ, அதுவே சொட்டுக்கோடு.) நியூட்ரான் விண்மீனின் மேற்பரப்பில் ஹைட்ரஜன் வெடித்தெரியும் எக்ஸ்-கதிர் வெடிப்புகளில், அணுக்கருக்கள் புரோட்டான்களை அடுத்தடுத்து விழுங்கிக் கனமாகின்றன. அங்கே வெப்பநிலை 100 கோடி கெல்வினையும் தாண்டும், 100 கோடி கெல்வினில் வெப்ப ஆற்றலின் அளவு ஏறத்தாழ 86 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (இனி கி.எ.வோ.). பிடிபட்ட புரோட்டான் தங்குமா, ஒளித்துகள் மோதி மீண்டும் பிரிந்துவிடுமா என்பது பிரிப்பாற்றலுக்கும் இந்த 86 கி.எ.வோ.வுக்கும் உள்ள விகிதத்தை அடுக்காகக் கொண்ட அடுக்குக்குறிச் சார்பு. ஆகவே 100 கி.எ.வோ. பிழை இருந்தாலே விடை மூன்று மடங்கு மாறிவிடும், 500 கி.எ.வோ. பிழையில் விடைக்குப் பொருளே இல்லை. அறுபதாயிரம் மெ.எ.வோ.வை, ஒரு மெ.எ.வோ.வின் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தவறாமல் சொல்ல வேண்டும் என்பதே நமக்கு வைக்கப்பட்ட தேர்வு.

இந்தத் தேர்வில் பொதுச் சூத்திரங்கள் எங்கே நிற்கின்றன என்று பார்க்கலாம். 1935 இல் வைட்சேக்கர் எழுதிய திரவத்துளிச் சூத்திரம் கனஅளவு, மேற்பரப்பு, கூலூம் விலக்கம், புரோட்டான்-நியூட்ரான் சமச்சீரின்மை, இணையாதல் ஆகிய சில உறுப்புகளைக் கொண்டே எல்லா அணுக்கருக்களின் பிணைப்பாற்றலையும் சராசரியாக 2 முதல் 3 மெ.எ.வோ. பிழைக்குள் தந்துவிடுகிறது. அத்தனை எளிமையான படத்துக்கு இது பெரிய சாதனை. பிறகு வந்த மாதிரிகள், நியூக்ளியான்கள் அடுக்கடுக்கான கூடுகளில் அமைவதையும் அணுக்கருவின் உருக்குலைவையும் சேர்த்துக்கொண்டன. முல்லரும் உடன்பணியாளர்களும் உருவாக்கிய வரம்புவீச்சுத் துளி மாதிரியும், பிரஸ்ஸல்ஸ் குழுவினரின் ஹார்ட்ரீ-ஃபாக்-போகோலியுபோவ் கணக்குகளும் அரை மெ.எ.வோ. அளவுக்கும், துஃப்லோ-ஜூக்கர் சூத்திரமும் சீனக் குழுவினரின் வைட்சேக்கர்-ஸ்கைர்ம் மாதிரியும் அதைவிடச் சற்றுக் கீழே 0.3 முதல் 0.4 மெ.எ.வோ. அளவுக்கும் பிழையைக் குறைத்துள்ளன. ஆனால் இவை அளக்கப்பட்ட நிறைகளுக்குப் பொருத்திப் பார்த்த சராசரிப் பிழைகள். அளக்கப்படாத ஓரத்தில் அந்தப் பிழை அப்படியே இருக்கும் என்பதற்கு உறுதி எதுவும் இல்லை. மேலும், புரோட்டான் எண்ணிக்கையும் நியூட்ரான் எண்ணிக்கையும் சமமாகும் கோட்டின் மேல் அணுக்கருக்கள் சற்றுக் கூடுதலாகப் பிணைந்திருக்கின்றன. ‘விக்னர் ஆற்றல்’ எனப்படும் இந்தக் கூர்மையான மடிப்பைப் பல பொதுமாதிரிகள் ஒட்டுப்போட்ட உறுப்பாகவே கையாளுகின்றன. நமக்கு வேண்டிய அணுக்கருக்கள் அந்த மடிப்பைச் சுற்றியே இருக்கின்றன என்பது இடர்ப்பாட்டை இன்னும் கூட்டுகிறது.

இப்போது ஆடி இணைக்கு வருவோம். அணுக்கரு விசை புரோட்டானையும் நியூட்ரானையும் ஏறத்தாழ ஒரே துகளின் இரு நிலைகளாகவே நடத்துகிறது. 1932 இல் ஹைசன்பர்க் தொடங்கிவைத்து, பிறகு விக்னர் வளர்த்தெடுத்த ஐசோஸ்பின் என்னும் கருத்தின் சாரம் இதுதான். அப்படியானால் ஆடி இணைகளின் நிறை வேறுபாடு இரண்டு காரணங்களால் மட்டுமே வர வேண்டும்: நியூட்ரானுக்கும் ஹைட்ரஜன் அணுவுக்கும் உள்ள 0.782 மெ.எ.வோ. நிறை வேறுபாடு ஒன்று. புரோட்டான்கள் ஒன்றையொன்று விலக்குவதால் வரும் கூலூம் ஆற்றல் மற்றொன்று. முதலாவது மிகத் துல்லியமாகத் தெரிந்தது. இரண்டாவது, மின்னியலின் மிகப் பழைய விதியொன்றின் விளைவு. அணுக்கரு விசையின் சிக்கல்கள் அனைத்தும் அளக்கப்பட்ட இணையின் நிறைக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன; அவற்றை நாம் கணக்கிடத் தேவையில்லை.

இரும்பு-45 இதற்கு மிக நல்ல எடுத்துக்காட்டு. 26 புரோட்டான்களும் 19 நியூட்ரான்களும் கொண்ட இந்த அணுக்கருவின் ஆடி இணை, 19 புரோட்டான்களும் 26 நியூட்ரான்களும் கொண்ட பொட்டாசியம்-45. பொட்டாசியம்-45 இலிருந்து இரண்டு நியூட்ரான்களைப் பிரித்தெடுக்க ஏறத்தாழ 16.2 மெ.எ.வோ. தேவை, இது அளந்த நிறைகளிலிருந்து நேராகக் கிடைக்கும் எண். ஆடியில் பார்த்தால், இரும்பு-45 இலிருந்து இரண்டு புரோட்டான்களைப் பிரித்தெடுக்கவும் அணுக்கரு விசை அதே 16.2 மெ.எ.வோ.வைக் கேட்கும். ஆனால் கூலூம் விலக்கம் அந்த இரு புரோட்டான்களையும் வெளியே தள்ளுகிறது; அந்தத் தள்ளுதலின் அளவு ஏறத்தாழ 17.3 மெ.எ.வோ. இரண்டையும் கழித்தால் எஞ்சுவது 1.1 மெ.எ.வோ.வுக்குச் சற்று மேல். அதாவது இரும்பு-45 இரண்டு புரோட்டான்களை ஒருசேர வெளியேற்றி அந்த ஆற்றலை விடுவிக்க வேண்டும். இத்தகைய இரட்டைப் புரோட்டான் கதிரியக்கம் நிகழக்கூடும் என்று கோல்டான்ஸ்கி 1960 இலேயே சொல்லியிருந்தார். 1990களில் பிரவுன், ஆர்மண்ட், கோல் ஆகியோர் தனித்தனியே இந்த ஆடி முறையில் கணக்கிட்டு, விடுவிக்கப்படும் ஆற்றல் 1.1 முதல் 1.3 மெ.எ.வோ.வுக்குள் இருக்கும் என்றார்கள். 2002 இல் பிரான்சின் கானில் (GANIL), ஜெர்மனியின் ஜி.எஸ்.ஐ. ஆகிய இரு ஆய்வகங்களிலிருந்தும் அந்தக் கதிரியக்கம் அறிவிக்கப்பட்டபோது ஆற்றல் ஏறத்தாழ 1.15 மெ.எ.வோ.வாக இருந்தது. புரோட்டான்கள் மின்தடுப்பைச் சுரங்கமிட்டுக் கடப்பதால் 0.1 மெ.எ.வோ. மாறினாலே அரை ஆயுட்காலம் பத்து மடங்கு அளவில் மாறிவிடும். ஆகவே எங்கே தேடுவது, எந்தக் கருவி அதற்கு ஏற்ற வேகம் உடையது என்பதையெல்லாம் இந்தக் கணிப்புகளே காட்டிக்கொடுத்தன. அணுக்கரு இயற்பியலில் கணிப்பும் அளவீடும் இவ்வளவு அழகாகக் கைகோத்த இடங்கள் அதிகமில்லை என்றே நான் கருதுகிறேன்.

ஆனால் அந்த 17.3 எங்கிருந்து வந்தது என்பதில்தான் முழு வேலையும் இருக்கிறது. அதில் 1 விழுக்காடு தவறினாலே 170 கி.எ.வோ. பிழை வந்துவிடும். கூலூம் விதி தெரிந்ததுதானே, கணக்கிட்டுவிடலாமே என்று தோன்றும். கால்சியம்-41, ஸ்காண்டியம்-41 என்னும் ஆடி இணையை எடுத்துக்கொள்ளுங்கள். சீராக மின்னேற்றம் பெற்ற கோளம் என்று கொண்டு, ஆரத்தை வழக்கமான 1.2 ஃபெர்மி பெருக்கல் நிறை எண்ணின் கனமூலம் என்று வைத்தால், கூலூம் வேறுபாடு 8.4 மெ.எ.வோ.வுக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. எலக்ட்ரான் சிதறலில் அளந்த உண்மையான மின்னூட்ட ஆரத்தைக்கொண்டு கணக்கிட்டால் அது 7.7 ஆகக் குறைகிறது. அளவீடு சொல்வது 7.28. கோளத்தின் பரப்பு மங்கலானது, கடைசிப் புரோட்டான் மற்றவற்றைவிட வெளியே இருக்கிறது, ஒத்த துகள்களுக்கிடையிலான பரிமாற்ற விளைவு விலக்கத்தைக் குறைக்கிறது என்றெல்லாம் திருத்திக்கொண்டே போகலாம். போனவர்களுக்கு ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. 1969 இல் நோலனும் ஷிஃபரும் இந்தத் திருத்தங்கள் அனைத்தையும் முறையாகச் சேர்த்துப் பார்த்தபோது, கணக்கு அளவீட்டைவிட ஏறத்தாழ 7 விழுக்காடு குறைவாக வந்தது; அதுவும் ஓரிரு அணுக்கருக்களில் மட்டுமல்ல, வரிசை முழுவதும். ‘நோலன்-ஷிஃபர் முரண்’ என்று இன்றும் பேசப்படும் இந்தக் குறைவுக்குப் பெரும் பகுதிக் காரணம், அணுக்கரு விசையே புரோட்டானையும் நியூட்ரானையும் சற்று வேறுவிதமாக நடத்துகிறது என்பதுதான்.

இதிலிருந்து கணிப்பவர்கள் கற்றுக்கொண்ட பாடம் நடைமுறை சார்ந்தது: கூலூம் வேறுபாட்டை முதல் கோட்பாட்டிலிருந்து கணக்கிடுவதைவிட, அளக்கப்பட்ட ஆடி இணைகளிலிருந்து அதன் போக்கைக் கற்றுக்கொண்டு, அளக்கப்படாத இணைக்கு நீட்டுவதே மேல். ஸ்கைர்ம் வகை விசையோடு (அணுக்கரு விசைக்கான எளிமைப்படுத்திய வடிவம் ஒன்றோடு) மின்சமச்சீரைக் குலைக்கும் ஒரு சிறு உறுப்பைச் சேர்த்து, அளக்கப்பட்ட வேறுபாடுகளுக்குப் பொருத்தி, பிரவுனும் உடன்பணியாளர்களும் 2002 இல் நிறை எண் 41 முதல் 75 வரையிலான அணுக்கருக்களுக்கு ஏறத்தாழ 100 கி.எ.வோ. துல்லியத்தில் கணிப்புகளைத் தந்தார்கள். பொதுச் சூத்திரங்களோடு ஒப்பிட்டால் இது நான்கைந்து மடங்கு முன்னேற்றம்; எக்ஸ்-கதிர் வெடிப்புக் கணக்குகளுக்குத் தேவையான அளவின் விளிம்பை இது தொடுகிறது.

இதே கருத்தின் இன்னும் எளிய வடிவமும் உண்டு. 1966 இல் கெல்சனும் கார்வியும் காட்டிய தொடர்பின்படி, இரண்டு இடம் விலகிய (புரோட்டான், நியூட்ரான் எண்ணிக்கைகள் இரண்டால் வேறுபடும்) ஆடி இணையின் நிறை வேறுபாடு, அதற்கு ஒரு நிறை எண் கீழும் மேலும் உள்ள ஓரிடம் விலகிய இணைகளின் வேறுபாடுகளின் கூட்டுத்தொகைக்கு ஏறத்தாழ சமம். சோதித்துப் பார்ப்போம். ஸ்காண்டியம்-41க்கும் கால்சியம்-41க்கும் உள்ள வேறுபாடு 6.50 மெ.எ.வோ.; டைட்டானியம்-43க்கும் ஸ்காண்டியம்-43க்கும் உள்ள வேறுபாடு 6.87. கூட்டினால் 13.37. டைட்டானியம்-42க்கும் கால்சியம்-42க்கும் உள்ள அளக்கப்பட்ட வேறுபாடு 13.44. எந்தக் கணினியும் எந்த மாதிரியும் இல்லாமல், ஒரு கூட்டலில் 0.1 மெ.எ.வோ.வுக்குள் வந்துவிட்டோம். இந்தத் துறைக்குப் புதிதாக வரும் ஒவ்வொருவரும் பெரிய நிரல்களைத் தொடுவதற்கு முன் இந்தக் கூட்டலைக் கையால் பத்து இடங்களில் செய்துபார்க்க வேண்டும் என்பது என் பரிந்துரை. எங்கே பொருந்துகிறது, எங்கே பிசகுகிறது என்பதைக் கைவிரல்களே கற்றுக்கொள்ளும்.

ஆடி இணை மட்டுமல்லாமல் அதே நிறை எண்ணில் இடைப்பட்ட அணுக்கருக்களும் தெரிந்திருந்தால் இன்னும் வலுவான கருவி கிடைக்கிறது. நியூட்ரான் எண்ணிக்கையிலிருந்து புரோட்டான் எண்ணிக்கையைக் கழித்துப் பாதியாக்கிய எண்ணைத் ‘த’ என்று குறித்தால், ஒரே ஐசோஸ்பின் குடும்பத்தைச் சேர்ந்த நிலைகளின் (ஒரே நிறை எண் உடைய அணுக்கருக்களில் ஒன்றுக்கொன்று ஒத்த நிலைகளின்) நிறை ‘க + ச·த + ப·த²’ (க, ச, ப மாறிலிகள்) என்ற வடிவில் அமைய வேண்டும் என்று விக்னர் 1957 இல் காட்டினார். கூலூம் விசை இரண்டிரண்டு துகள்களுக்கு இடையே மட்டும் செயல்படுவதே இருபடியோடு நின்றுவிடுவதன் காரணம். நான்கு உறுப்பினர் கொண்ட குடும்பத்தில் மூன்று தெரிந்தால் நான்காவது வந்துவிடும். அந்த நான்காவது பெரும்பாலும் புரோட்டான் மிகுந்த முனையில் இருப்பதுதான். நன்றாக அறியப்பட்ட குடும்பங்களில் இந்தச் சமன்பாடு சில பத்து கி.எ.வோ.வுக்குள், சில இடங்களில் அதனினும் துல்லியமாக, விடை தருகிறது. நிறை எண் 32 இல் உள்ள ஐந்து உறுப்பினர் குடும்பத்தில் மும்மடி உறுப்பு (த³) ஒன்று தேவைப்படுகிறது என்று உறுதியாகத் தெரிகிறது. ஆனால் அதன் அளவு ஒரு கி.எ.வோ. வாக்கில்தான். சமன்பாட்டின் வலிமைக்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இங்கே ஒரு வரலாற்றை விரிவாகச் சொல்வது பயன் தரும். 2012 இல் சீனாவின் லான்சோ நகரிலுள்ள சேமிப்பு வளையத்தில் (அயனிகளைச் சுற்றிச் சுற்றி ஓடவிடும் கருவியில்) நிக்கல்-53 இன் நிறை அளக்கப்பட்டது. நிறை எண் 53 இன் நான்கு உறுப்பினர் குடும்பத்தில் அதைச் சேர்த்துப் பார்த்தபோது, இருபடிச் சமன்பாடு பொருந்தவில்லை. அதுவரை கண்டிராத அளவு பெரிய மும்மடி உறுப்பு தேவைப்பட்டது. ஐசோஸ்பின் கலப்பு, அறியப்படாத சமச்சீர்க் குலைவு எனப் பல விளக்கங்கள் எழுந்தன. 2016 இல் நிக்கல்-53 இன் பீட்டாச் சிதைவை மீண்டும் ஆராய்ந்தபோது உண்மை வெளிப்பட்டது: நிறை அளவீட்டில் தவறில்லை, கோபால்ட்-53 இல் இந்தக் குடும்பத்தின் உறுப்பினர் என்று முன்பு அடையாளம் காட்டப்பட்டிருந்த கிளர்வுநிலைதான் தவறானது. சரியான நிலையை வைத்ததும் இருபடி மீண்டும் பொருந்தியது. ஆகவே இந்தச் சமன்பாட்டால் ஒரு நிறையைக் கணிக்கும்போது, உள்ளீடாகும் ஒவ்வொரு நிலையும் உண்மையில் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதானா என்று முதலில் பார்க்க வேண்டும். என் அனுபவத்தில் பெரும்பாலான கணிப்புப் பிழைகள் கோட்பாட்டிலிருந்து வருவதில்லை. இத்தகைய அடையாளப் பிழைகளிலிருந்தே வருகின்றன.

ஆடி உண்மையிலேயே மங்கும் இடமும் உண்டு. அது தற்செயலானது அன்று, முன்பே அடையாளம் காணக்கூடியது. ஆக்சிஜன்-17 இன் முதல் கிளர்வுநிலை 0.871 மெ.எ.வோ.வில் இருக்கிறது, அதன் ஆடியான ஃப்ளோரின்-17 இல் அதே நிலை 0.495 இல் இருக்கிறது. கார்பன்-13 இல் 3.09 மெ.எ.வோ.வில் உள்ள நிலை, நைட்ரஜன்-13 இல் 2.37க்கு இறங்கிவிடுகிறது. இரண்டிலும் காரணம் ஒன்றே: கடைசிப் புரோட்டான் கோண உந்தம் இல்லாத சுற்றுப்பாதையில் இருக்கிறது, சுழற்சித் தடுப்பு இல்லாததாலும் பிணைப்பு மெலிந்திருப்பதாலும் அதன் அலைச்சார்பு வெளியே வெகுதூரம் பரவுகிறது, பரவிய புரோட்டான் மற்றப் புரோட்டான்களிடமிருந்து விலகி நிற்பதால் அதற்கான கூலூம் செலவு குறைகிறது. தாமஸ்-எர்மன் பெயர்ச்சி எனப்படும் இந்த விளைவால், ஆடிக் கணிப்பு சொல்வதைவிட அணுக்கரு கூடுதலாகப் பிணைந்திருக்கும். பிழை 0.4 முதல் 0.7 மெ.எ.வோ. வரை போகலாம் என்பதையும் அது எப்போதும் ஒரே திசையில் வரும் என்பதையும் கவனியுங்கள். போரான்-8 இல் கடைசிப் புரோட்டானின் பிரிப்பாற்றல் 0.14 மெ.எ.வோ. மட்டுமே. அலுமினியம்-22 இல் அது 0.1 மெ.எ.வோ. என்று அண்மையில் அமெரிக்காவின் மிச்சிகனில் பென்னிங் பொறியால் (மின்புலத்தாலும் காந்தப்புலத்தாலும் அயனியைச் சிறைபிடித்து நிறை அளக்கும் கருவியால்) மிகத் துல்லியமாக அளக்கப்பட்டுள்ளது. இத்தகைய இடங்களில் அலைச்சார்பின் பரவலைக் கணக்கில் கொள்ளாத எந்தக் கணிப்பையும் நான் ஏற்கமாட்டேன். நிறை எண் 70ஐ ஒட்டி வேறொரு எச்சரிக்கையும் இருக்கிறது: ஸ்ட்ரான்சியம்-73, புரோமின்-73 என்னும் ஆடி இணையின் தரைநிலைகள் ஒரே தற்சுழற்சி உடையவை அல்ல என்று 2020 இல் அறிவிக்கப்பட்டது. புரோமினில் இரு நிலைகளும் 27 கி.எ.வோ. இடைவெளியில் நெருங்கி இருப்பதால் வரிசை மாறியிருக்கிறது. நிறையில் இதன் விளைவு சிறியது என்றாலும், எந்த நிலையின் நிறையைக் கணிக்கிறோம் என்ற கேள்வி அங்கே உண்மையானதாகிவிடுகிறது.

கணிப்பும் அளவீடும் மாறிமாறி ஒன்றையொன்று திருத்திய கதையாக ஆர்செனிக்-65ஐச் சொல்லலாம். எக்ஸ்-கதிர் வெடிப்பில் ஜெர்மானியம்-64 வரை வந்த வினைத்தொடர் அங்கே தயங்குகிறது. அடுத்த புரோட்டானை ஏற்று ஆர்செனிக்-65 ஆகலாமா, அல்லது 64 வினாடி அரை ஆயுட்காலம் கொண்ட பீட்டாச் சிதைவுக்குக் காத்திருக்க வேண்டுமா என்பதே சிக்கல். வெடிப்பே பல வேளைகளில் அதைவிட விரைவில் முடிந்துவிடும். ஆர்செனிக்-65 இன் ஆடி இணை ஜெர்மானியம்-65. ஆகவே ஜெர்மானியம்-64, ஜெர்மானியம்-65 இரண்டின் நிறைகளும் நன்றாகத் தெரிந்தால்தான் ஆடிக் கணிப்பு பயன்படும். 2007 இல் மிச்சிகனில் பென்னிங் பொறியில் அவை அளக்கப்பட்ட பிறகே கணிப்பின் பிழை குறைந்தது. இணையின் பிழை அப்படியே கணிப்புக்குக் கடத்தப்படுகிறது என்பதை இது நன்றாகக் காட்டுகிறது. 2011 இல் லான்சோவில் ஆர்செனிக்-65 நேரடியாக அளக்கப்பட்டது: புரோட்டான் பிரிப்பாற்றல் மைனஸ் 90 கி.எ.வோ., பிழை 85. புரோட்டான் பிணைக்கப்படவில்லை; ஆனாலும் மிகச் சற்றே. ஆகவே ஜெர்மானியம்-64 பெரிய தடையல்ல என்று தோன்றியது. 2023 இல் அதே இடத்தில் மேம்படுத்திய முறையில் ஆர்செனிக், செலினியம் அணுக்கருக்களும் சேர்த்து அளக்கப்பட்டபோது, ஆர்செனிக்-65 முன்பு எண்ணியதைவிட இன்னும் கூடுதலாகப் பிணைப்பற்றது என்று தெரிந்தது. வினைத்தொடர் ஜெர்மானியம்-64 இல் உண்மையிலேயே வேகம் குறைகிறது. அடுத்த தடையான செலினியம்-68 இல் ஐயத்துக்கு இடமில்லை: அது ஏற்க வேண்டிய புரோட்டானைக் கொண்டு உருவாகும் புரோமின்-69 அரை மெ.எ.வோ.வுக்கும் மேல் பிணைப்பற்றது. செலினியம்-68 தன் 36 வினாடி அரை ஆயுட்காலத்தைக் கழிப்பதைத் தவிர வேறு வழி குறுகியதே.

ஆடியின் எல்லையைப் பற்றியும் கேட்பவர் தெரிந்துகொள்ள வேண்டும். கனமான அணுக்கருக்களில் கூலூம் விலக்கம் பெருகப் பெருக, சொட்டுக்கோடு நியூட்ரான் மிகுந்த பக்கமாக வளைகிறது. புரோட்டானும் நியூட்ரானும் ஐம்பது ஐம்பதாக உள்ள இரட்டை மாய எண் அணுக்கருவான (இரு வகைக் கூடுகளும் முழுமையாக நிரம்பிய) வெள்ளீயம்-100க்கு மேல், சொட்டுக்கோட்டருகே உள்ள அணுக்கருக்களிலும் நியூட்ரான்களே அதிகம். அவற்றின் ஆடி இணைகள் இருக்க முடியாதவை. அங்கே வேறு வழிகளைத் தேட வேண்டும். 1980களின் தொடக்கத்தில் ஜி.எஸ்.ஐ.யில் லுட்டீசியம்-151 இன் தரைநிலையிலிருந்து புரோட்டான் வெளியேறுவது காணப்பட்டதிலிருந்து, வெளியேறும் புரோட்டானின் ஆற்றலே இரண்டு அணுக்கருக்களின் நிறை வேறுபாட்டைக் கொடுக்கும் அளவுகோலாகிவிட்டது. ஆல்ஃபாச் சிதைவுத் தொடர்களும் அவ்வாறே: 2018 இல் அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தில் செனான்-108, டெலூரியம்-104, வெள்ளீயம்-100 என்ற தொடர் காணப்பட்டதால் அவை மூன்றும் ஒரே சங்கிலியில் கோக்கப்பட்டன. ஆனால் சங்கிலி எங்காவது அறியப்பட்ட நிறையில் கட்டப்பட வேண்டும். வெள்ளீயம்-100 இன் நிறை பீட்டாச் சிதைவின் ஆற்றலையும் இண்டியம்-100 இன் நிறையையும் நம்பி நிற்கிறது. 2021 இல் செர்னில் இண்டியம்-100 இன் நிறை நன்றாக அளக்கப்பட்ட பிறகு, அந்தப் பீட்டாச் சிதைவுக்கு இரு ஆய்வகங்கள் தந்த ஆற்றல்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்பது கூர்மையாகத் தெரிந்தது. ஒரு கணிப்பு அங்கே தவறிவிட்டது என்று சொல்வதற்கு முன், எந்த அளவீட்டோடு ஒப்பிடுகிறோம் என்று கேட்டாக வேண்டும்.

நிறைப் பட்டியலைப் பயன்படுத்துவோருக்கு ஒரு வேண்டுகோள். இன்று வழக்கிலுள்ள 2020ஆம் ஆண்டின் அணு நிறை மதிப்பீட்டில் ஏறத்தாழ 2500 அணுக்கருக்களின் நிறைகள் அளவீட்டின் அடிப்படையிலானவை. இன்னும் ஓராயிரம் அளவிலானவை அண்டை அணுக்கருக்களின் போக்கை நீட்டிப் பெற்ற மதிப்பீடுகள். பின்னவற்றின் அருகே ஹாஷ் குறி இடப்பட்டிருக்கும். இந்த நீட்சி மிகுந்த அனுபவத்தோடும் கவனத்தோடும் செய்யப்படுவது. பல பொதுமாதிரிகளைவிட நம்பத்தக்கதும்கூட. ஆனால் அது அளவீடு அன்று. அந்தக் குறியைக் கவனிக்காமல் நிரலுக்குள் எண்ணை ஊட்டிவிட்டு, பிறகு தம் மாதிரி ‘சோதனையோடு’ பொருந்துகிறது என்று எழுதுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். வருத்தமளிக்கும் பழக்கம் அது.

இயந்திரக் கற்றலைப் பற்றியும் கேட்கப்படுவதால் அதையும் சொல்லிவிடுகிறேன். நரம்பணு வலைகளையும் காஸியன் செயல்முறைகளையும் கொண்டு, ஒரு பொதுமாதிரியின் எஞ்சிய பிழைகளைக் கற்றுத் திருத்தும் முயற்சிகள் ஏறத்தாழ பத்து ஆண்டுகளாக நன்றாக வளர்ந்திருக்கின்றன. அவற்றின் பெரிய கொடை, சராசரிப் பிழையைக் குறைத்தது என்பதைவிட, ஒவ்வொரு கணிப்புக்கும் நம்பிக்கை அளவைச் சொல்லத் தொடங்கியதே என்பேன். பேய்ஸ் முறையில் பல மாதிரிகளைச் சேர்த்து, ஓர் அணுக்கரு சொட்டுக்கோட்டுக்கு உள்ளே இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று நிகழ்தகவாகவே சொல்லும் பணிகள் 2020 முதல் புரோட்டான் பக்கத்துக்கும் வந்துவிட்டன. ஆனாலும் கற்ற தரவின் விளிம்பைத் தாண்டியதும் இவை தம் அறியாமையைச் சரியாகச் சொல்லுமா என்பது ஒவ்வொரு முறையும் சோதிக்கப்பட வேண்டியது. தாமஸ்-எர்மன் பெயர்ச்சி போன்ற ஒரு விளைவு பயிற்சித் தரவில் அரிதாக இருந்தால் வலை அதைத் தானாகக் கண்டுபிடிக்காது. முழு நிறையைக் கற்பிப்பதைவிட ஆடி வேறுபாட்டைக் கற்பித்தால் மிகக் குறைந்த தரவிலேயே நல்ல விடை கிடைக்கும். இயற்பியல் பாதி வேலையை ஏற்கெனவே முடித்துவைத்திருக்கிறது.

ஆக, குறிப்பிட்ட ஓர் அணுக்கருவின் நிறை வேண்டுமென்று என்னிடம் கேட்டால் நான் செல்லும் வரிசை இது. முதலில் அதன் ஆடி இணை பென்னிங் பொறியிலோ சேமிப்பு வளையத்திலோ அளக்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பேன். இருந்தால், கெல்சன்-கார்வி கூட்டலைச் செய்து ஒரு முதல் மதிப்பைப் பெறுவேன். அதே நிறை எண்ணின் ஐசோஸ்பின் குடும்பம் தெரிந்திருந்தால், நிலைகளின் அடையாளத்தைச் சரிபார்த்தபின் இருபடிச் சமன்பாட்டின் விடையோடு ஒப்பிடுவேன். இரண்டும் 100 கி.எ.வோ.வுக்குள் ஒத்துப்போனால் எண்ணை எழுதுவேன். பிரிப்பாற்றல் அரை மெ.எ.வோ.வுக்குக் கீழே போய், கடைசிப் புரோட்டான் தாழ்ந்த கோண உந்தம் உடையதாக இருந்தால், மதிப்பைக் கூடுதல் பிணைப்பின் திசையில் நகர்த்திப் பிழையையும் பெரிதாக்குவேன். ஆடி இணையே இல்லாத கனமான பகுதியில் பொதுமாதிரிகளில் குறைந்தது மூன்றை ஒப்பிட்டு, அவை ஒன்றோடொன்று எவ்வளவு விலகுகின்றன என்பதையே பிழையாகக் குறிப்பேன். அந்தப் பிழை அரை மெ.எ.வோ.வுக்குக் கீழே வருவது அரிது. அப்போது அந்த எண்ணை எக்ஸ்-கதிர் வெடிப்புக் கணக்கில் இட வேண்டாம் என்றும், அந்த அணுக்கருவை அளக்க முடுக்கியில் கற்றை நேரம் கேட்டு விண்ணப்பிப்பதே சரியான வழி என்றும் கேட்டவரிடம் சொல்லிவிடுவேன்.